நடுத்திட்டில் ஒரு சுவர்

“சுவர் ஒண்ணு வச்சுருங்க ராவுத்தரே. ஆளு நின்னா தலை தெரியாத ஒசரத்துக்கு” என்றார் பிரசிடெண்டு கருத்தக்கண்ணன். வாயில் அடக்கி வைத்திருந்த வெற்றிலைச் சாற்றில் ஒரு துளி அந்தச் சொற்களோடு தெறித்து, மேசைமேல் விரித்திருந்த வரைபடத்தில் விழுந்தது. ஓவர்சியர் நைனா முகமது கைக்குட்டையை எடுத்து ஒற்றினான். ஒற்ற ஒற்ற அது பரவியது. வைகையின் நீலக் கோடுகளுக்கு நடுவே அவன் மாதக்கணக்கில் குனிந்து வரைந்திருந்த திட்டின் மேல் செங்காவி நிறத்தில் ஒரு கறை. கைக்குட்டையை மடித்து மேசையின் ஓரமாகத் தள்ளி வைத்தான். மேசையைச் சுற்றி யூனியன் போர்டு மெம்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் துளி யார் கண்ணிலும் படவில்லை. பட்டிருந்தாலும் அது அவர்களுக்கு அசுத்தமாகத் தோன்றியிருக்காது.

“எதுக்குங்கய்யா சுவர்?” என்றான். எதற்கென்று அவனுக்குத் தெரியும். அதை அவர் வாயால் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்டான்.

“தொட்டியில பாசி வழிக்கிறதுக்குக் கீழத்தெரு ஆளுகதான வரணும். வேற எவன் எறங்குவான் அந்த நாத்தத்துல? எறங்கட்டும், வேணாங்கல. ஆனா படித்துறையில குளிக்கிறவன் கண்ணுல அது படக் கூடாது. பட்டுச்சுன்னா எவனும் குழாயத் தொட மாட்டான்.”

“தண்ணிய வடிச்சுட்டுத்தான் எறங்குறாங்க. வழிச்ச மண்ண வெளியே கொண்டு போயிர்றாங்க. குடிக்கிற தண்ணியில அவங்க கால் படுறதே இல்லைங்கய்யா.”

“எனக்குத் தெரியும் ராவுத்தரே. ஊருக்குத் தெரியணுமே.”

“சுவர் வச்சா திட்டு தாங்காது. வெள்ளத்துல ஆறு சுவத்துல முட்டும். முட்டுனா ரெண்டு பக்கமும் திரும்பி மண்ண அறுத்துரும்.”

கருத்தக்கண்ணன் எழுந்து சன்னல் பக்கம் போய்ச் சாற்றை வெளியே துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். “சுவர் இல்லாட்டி ஊரு தாங்காது” என்றார்.

மருதந்துறை, சமயநல்லூருக்கு மேற்கே வைகையின் வடகரையில் இருந்தது. நெல்லும் வாழையும் குறைவில்லாமல் விளைகிற ஊர். குடிக்கிற தண்ணீருக்கு மட்டும் கோயிலுக்குப் பின்னால் கிடந்த ஊருணி. நைனா அந்த ஊருக்கு முதலில் வந்த அன்று அதன் படியில் நின்று பார்த்தான். ஒரு மூலையில் எருமைகள் மூக்கு மட்டும் வெளியே தெரியக் கிடந்தன. எதிர் மூலையில் ஒருத்தி பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். நீரின் மேல் மாவு கரைத்துவிட்டது போல ஒரு வெள்ளைப் படலம் மிதந்தது. பெண்கள் அதைக் குடத்தின் அடியால் இப்படியும் அப்படியும் ஒதுக்கிவிட்டு, ஒதுங்கிய இடத்தில் குடத்தை அமிழ்த்தி எடுத்தார்கள். அன்று முழுவதும் அவன் அந்த ஊரில் ஒரு வாய் மோர்கூடக் குடிக்கவில்லை. கீழத்தெருக்காரர்களை ஊருணிப் படியில் இறங்க விடுவதில்லை. அவர்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தார்கள். வாந்திபேதி வந்த கோடையில் மேலத்தெருவில் சாவு விழாத வீடு குறைவு. கீழத்தெருவில் அவ்வளவு இல்லை. அதற்கு ஊருக்குள் பல காரணங்கள் சொல்லிக்கொண்டார்கள். தண்ணீரை யாரும் சொல்லவில்லை.

கருத்தக்கண்ணனின் ஒரே மகனும் அந்தக் கோடையில்தான் போனான். மதுரையில் படித்துக்கொண்டிருந்தவன், லீவுக்கு வந்திருந்தான். காலையில் வயிறு பிசைகிறது என்றான்; பொழுது சாய்வதற்குள் அடங்கிவிட்டான். காரியம் முடிந்த கையோடு அவர் மதுரைக்கும் சென்னைக்குமாக அலைய ஆரம்பித்தார். ஆபீஸ் ஆபீஸாக, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று, குழாய்த் தண்ணீருக்கு உத்தரவு வாங்கினார். அந்த மனிதரை முழுக்க வெறுக்க நைனாவால் முடியாமல் போனதற்கு அது ஒன்றுதான் காரணம்.

தண்ணீரைச் சுத்தம் செய்கிற கட்டடத்துக்குக் கரையில் இடம் கொடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. கரையோரம் முழுக்க மெம்பர்களின் வாழைத் தோட்டம். கடைசியில் ஆற்றுக்கு நடுவே கிடந்த திட்டைக் கை நீட்டிக் காட்டினார்கள். புறம்போக்கு, யாருக்கும் நஷ்டமில்லை. காட்டியவர்களில் ஒருவர்கூட அதில் கால் வைத்ததில்லை. நைனா போய்ப் பார்த்தான். நிலம் என்றே சொல்ல முடியாத நிலம் அது. ஆறு கொண்டுவந்து போட்ட மணலும் வண்டலும். மேற்கு முனையில் சில மருத மரங்கள், மற்ற இடமெல்லாம் நாணலும் கோரையும். குதிகாலை ஊன்றினால் நீர் ஊறியது. ஒரு கைப்பிடி நாணலைப் பிடுங்கினான். வேரோடு ஒரு கூடை மண் வந்தது. அந்தக் குழியின் ஓரங்கள் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொலபொலவென்று உள்ளே சரிந்தன. அதற்குப் பிறகு அவன் அங்கே எதையும் பிடுங்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் வெள்ளம் வந்தபோது, குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்று திட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சிவந்த நீர் திட்டின் மேலேயே ஏறிப் போயிற்று. நாணல் மொத்தமும் கிழக்கே தலைவைத்துப் படுத்துக்கொண்டது. எங்கிருந்தோ உருண்டு வந்த பனைமரத்தின் அடித்தூர் ஒன்று மட்டும் நட்டுக்கொண்டு நின்றது. பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அதன் காலடியை ஆறு குடைந்து, அதைப் புரட்டி எடுத்துக்கொண்டு போனது. நீர் வடிந்தபின் போய்ப் பார்த்தால், நாணல் சேற்றை உதறிக்கொண்டு எழுந்துகொண்டிருந்தது. திட்டு அப்படியே இருந்தது. புதிதாகக் கொஞ்சம் வண்டல்கூட ஏறியிருந்தது.

அவன் வரைந்த கட்டடமும் அப்படிப் படுத்துக்கொண்டது. களிமண் தட்டுகிற ஆழம்வரை கிணற்று உறைகளை இறக்கி, அவற்றின் மேல் வரிசையாக வடிதொட்டிகள். முழங்காலுக்கு மேல் ஏறாத ஓரங்கள். ஆற்றைப் பார்த்த பக்கம் படகின் முகப்பு போலக் கூர்ந்து வளைந்த முனை. எஞ்சினும் வால்வுகளும் இருக்கிற ஒரே ஓர் அறைக்கு மட்டும், நீர் எட்டாத மேடைமேல் தட்டையாக ஒரு கூரை. மருத மரங்களில் ஒரு கிளையைக்கூட வெட்டவில்லை. தொட்டிகள் உட்காரும் இடத்தைத் தவிர வேறெங்கும் நாணலில் அரிவாள் படவில்லை. வருஷத்தில் சில நாள் வெள்ளம் தொட்டிகளின் மேல் ஏறிப் போகும். போகட்டும், வடிந்ததும் மணலை மாற்றிக்கொள்ளலாம். திட்டு மிஞ்சும். “மாட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டியக் கட்டி வச்சுருக்கீரு” என்று ஒரு மெம்பர் சிரித்தார். நைனாவுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. ரயிலில் போகிறவர்கள் சன்னல் வழியாகப் பார்த்தால் நாணல்தான் தெரிந்தது, கட்டடம் தெரியவில்லை.

தொட்டிகளில் கல், சரளை, மணல் என்று அடுக்கி, முப்பத்தேழாம் வருஷம் பங்குனியில் நீர் விட்டுப் பார்த்தார்கள். சில நாளில் மணலின் மேல் பாசி பிடித்தது. பழுப்பும் பச்சையுமாக, சளியைப் போல வழுவழுத்த ஒரு தோல். வேலை செய்வது அந்தத் தோல்தான். அதில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஆற்று நீரோடு வருகிற பேதிக் கிருமியைத் தின்றுவிடும். அதைத் தாண்டிக் கீழே இறங்குவதுதான் சுத்தமான தண்ணீர். தோல் தடித்துப்போய் நீர் இறங்காமல் நிற்கும்போது, தொட்டியை வடித்துவிட்டு மேல்மணலை வழித்தெடுக்க வேண்டும். கிண்டியில் படித்தபோது இதையெல்லாம் நைனா நன்றாகப் படித்து நல்ல மார்க்கு வாங்கியிருந்தான். படிப்பில் நாற்றம் இல்லை. வடித்த தொட்டியில் வெயில் ஏறியதும் எழும்பிய வாடையில் அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது. பார்க்க வந்த மெம்பர் ஒருவர் நாணலுக்குள் ஓடிப்போய் வாந்தியெடுத்தார்.

கூலிக்கு மேலத்தெருவில் ஆள் கேட்டார்கள், எவரும் வரவில்லை. கீழத்தெருவிலிருந்து இருளாயியும் அவள் புருஷன் காளையும் இன்னும் சில பெண்களும் வந்தார்கள். இருளாயி ஒல்லியானவள், எவரையும் முகத்துக்கு நேரே பார்க்கிறவள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி, ஒரு கை பாசியை வழித்து மோந்து பார்த்தாள்.

“கெண்டை கழுவுன தண்ணி கணக்கா இருக்கு. இதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?” என்று காளையைப் பார்த்துக் கேட்டாள். படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் துவட்டுவதை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளே போர்டு கூடியது. சுவர்ப் பேச்சு வந்தது அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து நைனா குழம்பையும் சோற்றையும் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. மனைவி நஜ்முன்னிசா விசிறிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். மதுரை காஜிமார் தெருவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவளுக்கு இந்த ஊரில் பேச்சுத்துணைகூடக் கிடையாது. அவன் நடந்ததைச் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் ஏறியது. வெற்றிலைத் துளியைப் பற்றியும் சொன்னான். பாசி வாடையைப் பற்றியும், வாந்தியெடுத்த மெம்பரைப் பற்றியும்.

“ஒங்களுக்கு அருவருப்பு யாரு மேல?” என்று அவள் கேட்டாள். “அந்தச் சொவத்து மேலயா, சொவரு கேக்குறவுக மேலயா, பாசி மேலயா, இல்ல அத அள்ளுறவுக மேலயா?”

“என்ன பேச்சு இது.”

“கேட்டேன். அந்தப் பிள்ளை இருளாயி வந்து வாசல்ல நின்னப்ப நீங்க ரெண்டு எட்டுப் பின்னால போனீக. நான் பாத்தேன்.”

அவன் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். அவள் சொன்னது உண்மை. வாடைக்காகத்தான் பின்னால் போனேன் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தான். அந்தப் பதில் அவனுக்கே ஒவ்வவில்லை.

முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். போனால் வேறொருவன் வருவான். அவனுக்கு இந்தத் திட்டும் தெரியாது, ஆறும் தெரியாது. பிரசிடெண்டு கேட்டதைக் கேட்டபடி கட்டிவிட்டுப் போவான். நைனா சுவரை வரைந்தான். தொட்டிகளையும் எஞ்சின் அறையையும் சுற்றி ஓர் ஆள் உயரத்துக்கு மேல் செங்கல் சுவர். ஆனால் அதன் அடியில், தரையை ஒட்டி, மதகில் இருப்பது போல வரிசையாக அகலமான கண்கள் விட்டான். வெள்ளம் வந்தால் அந்தக் கண்கள் வழியாக உள்ளே புகுந்து, தொட்டிகளின் மேல் ஓடி, கிழக்குப் பக்கக் கண்கள் வழியாக வெளியே போய்விடும். இரண்டு ராத்திரி தூங்காமல் கண்களின் அகலத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தான். நல்ல சுவர்தான். அதை அவன் வெறுத்தான்.

சுவர் எழும்பியபோது இருளாயி வந்து பார்த்தாள்.

“கட்டுங்க ராவுத்தரய்யா. எங்களுக்கும் நல்லதுதான். சேலையத் தூக்கிக் கட்டிக்கிட்டு நிக்கையில படித்துறைப் பயலுக பார்வை பட்டுக்கிட்டே இருக்கு. கதவுக்கு மட்டும் உள்பக்கம் தாப்பா வச்சுருங்க.”

அவன் உள்பக்கம்தான் தாழ்ப்பாள் வைத்தான். போர்டு வெளிப்பக்கம் ஒரு பூட்டுப் போட்டது. வேலை நடக்கும்போது அவர்கள் இஷ்டத்துக்கு வெளியே வந்து கரையில் நடமாடக் கூடாதாம். சாவி வாட்ச்மேனிடம் இருந்தது.

வைகாசியில் குழாயில் தண்ணீர் வந்தது. கோயில் வாசலில் மாலை போட்ட குழாயைக் கருத்தக்கண்ணன் திறந்தார். கூட்டம் கைதட்டியது. அவர் மனைவி அழகம்மாள் கூட்டத்துக்குப் பின்னால் தூணோடு தூணாக நின்றுகொண்டிருந்தாள். முதல் செம்புத் தண்ணீரை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவள் குடிக்கவில்லை, செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக முழுவதையும் குடித்தாள். அந்தக் கோடையில் மருதந்துறையில் ஒருவருக்கும் பேதி வரவில்லை. கீழத்தெருவுக்குக் குழாய் போடுவதைப் பற்றி நைனா கேட்டபோது, அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார்கள்.

ஆடியில் எஞ்சினுக்கு ஒரு சாமான் வாங்க அவன் மதுரைக்குப் போயிருந்தான். திரும்பி வந்து திட்டுக்குப் போனால், சுவரின் கண்கள் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் செங்கல் வைத்துப் பூசியிருந்தார்கள். சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது. வாட்ச்மேன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “கால் தெரியுதாம் சார்” என்றான்.

நைனா நேரே பிரசிடெண்டு வீட்டுக்குப் போனான்.

“ஆமா, நாந்தான் அடைக்கச் சொன்னேன்” என்றார் கருத்தக்கண்ணன். “படித்துறையில உக்காந்து பாத்தா அந்த ஓட்டை வழியா அவளுக காலு நடக்குறது தெரியுது. கணுக்கால் மட்டும். கூட்டங் கூட்டமா உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருக்கானுக. வீட்டுக்குப் போயி, இந்தக் காலு மிதிச்ச தண்ணியத்தான் குடிக்கிறோம்னு பேசுறானுக.”

“மழைக்கு முந்தி தெறந்துவிட்டுறணும்ங்கய்யா. இல்லாட்டி திட்டே போயிரும்.”

“தெறந்துரலாம். புரட்டாசி பொறக்கட்டும்.”

அழகம்மாள் மோர் கொண்டுவந்து வைத்தாள். கணவருக்கு வெள்ளி டம்ளரில். நைனாவுக்குச் சன்னல் விளிம்பில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பித்தளைக் குவளையில். அவன் வரும்போதெல்லாம் அதே குவளைதான். அதன் உள்விளிம்பில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. அவன் அதை எடுக்கவில்லை. “மோரு புளிக்கலையே, நல்லாத்தான இருக்கு” என்றாள் அவள், நிஜமாகவே விளங்காமல்.

புரட்டாசி பிறந்தது. அவன் நினைவுபடுத்தினான். முடிந்தது. மறுபடி நினைவுபடுத்தினான். கொத்தனாரைத் தானே கூட்டிக்கொண்டு போனால், போர்டு உத்தரவில்லாமல் கை வைக்க மாட்டேன் என்று கொத்தனார் திரும்பிவிட்டான்.

ஐப்பசியில் அடைமழை பிடித்து, ஒரு நாள் காலையில் வெறித்தது. ஆறு நிறம் மாறியிருந்தாலும் ஓட்டம் நிதானமாகத்தான் இருந்தது. நடுத்தொட்டியில் நீர் இறங்காமல் நின்றதால் வழித்தே ஆக வேண்டும். இருளாயியும் காளையும் இரண்டு பெண்களும் இறங்கியிருந்தார்கள். நைனா எஞ்சின் அறையில் இருந்தான். வாட்ச்மேன் வழக்கம்போல் வெளியே பூட்டிவிட்டு, மூங்கில் பாலத்தில் நடந்து கரைக்குச் சாப்பிடப் போய்விட்டான்.

முதலில் ஓசைதான் வந்தது. பாரவண்டிகள் வரிசையாகப் பாலத்தில் ஏறுவது போன்ற ஓசை. பிறகு சுவரின் மேற்கு முகத்தில் செங்கல் இடுக்குகளில் நீர் ஊசி ஊசியாகப் பீச்சியது. காளை சுவரில் தொற்றி ஏறி எட்டிப் பார்த்தான்.

“ராவுத்தரய்யா, பாலம் போயிருச்சு. மரம் ரெண்டு சாஞ்சு கெடக்கு. வாழை, முள்ளு, செத்த கன்னுக்குட்டி அம்புட்டும் வந்து சொவத்துல அடைக்குது.”

நைனாவும் ஏறினான். சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு இடுப்பளவு உயர்ந்து நின்றது, இந்தப் பக்கம் தரை ஈரமாக மட்டும் கிடந்தது. முட்டிய நீர் இரண்டு பக்கமும் திரும்பிச் சுழித்து ஓடிற்று. அந்தச் சுழிப்பில் திட்டின் கரை துண்டு துண்டாக, நாணலோடும் வேரோடும், ரொட்டியைப் பிய்ப்பது போலப் பிய்ந்து போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சுவரின் அடிமண் போகும். அப்புறம் சுவர் மொத்தமாக அவர்கள் மேல் விழும்.

“கண்ணத் தெறக்கணும்” என்று இறங்கிக்கொண்டே சொன்னான். “கடப்பாரைய எடு.”

“ஒடைச்சா ஆறு நம்ம மேலல்ல வரும்” என்றாள் இருளாயி.

“வரும். வந்து மேல ஓடிப் போயிரும். ஒடைக்காட்டி நிக்கிறதுக்குத் தரை இருக்காது.”

அவள் மண்வெட்டியை எடுத்துச் சுவரோரம் சாத்தினாள். மற்ற இரண்டு பெண்களை எஞ்சின் அறைக் கூரைமேல் ஏற்றிவிட்டு வந்தாள். கிழக்குப் பக்கக் கண்களை முதலில் திறந்தார்கள், உள்ளே வரும் நீருக்கு வழி வேண்டுமென்று. பிறகு மேற்குச் சுவருக்கு வந்தார்கள். காளை ஒரு கண்ணில் கடப்பாரையால் இடித்தான். இருளாயி மண்வெட்டியால் அடுத்ததை இடித்தாள். நைனா உளியும் சுத்தியலுமாக மண்டியிட்டு ஒன்றைப் பெயர்த்துக்கொண்டிருந்தான். அவனுடையதுதான் முதலில் விட்டது. செங்கல்லோடு ஆறு அவன் முகத்தில் அறைந்தது. அழுகின வாழைத்தண்டு, சாணி, கூந்தல் கூந்தலாக வேர்கள், செத்த எலி ஒன்று. வாய்க்குள் போனது, மூக்குக்குள் போனது. மல்லாக்க விழுந்து, வழித்து முடிக்காத பாசியில் வழுக்கிக்கொண்டே போய்த் தொட்டி ஓரத்தில் முட்டினான். எழுந்து வந்து அடுத்த கண்ணில் உளியை வைத்தான். வாந்தி வரும் என்று எதிர்பார்த்தான், வரவில்லை. அதற்கெல்லாம் நேரம் இருக்கவில்லை.

கண்கள் நாலைந்து திறந்ததும் மேற்குச் சுவரின் நடுவில் ஒரு விரிசல் ஓடியது. மூன்று பேரும் கூரைக்கு ஏறி முடிக்கவும் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்து விழவும் சரியாக இருந்தது. வெள்ளம் தாழ்ந்த தொட்டிகளின் மேல் ஒரே மட்டமாக ஓடி, கிழக்கே வெளியேறியது. பக்கவாட்டுச் சுழிப்பு அடங்கியது. மிச்சமிருந்த நாணல் படுத்துக்கொண்டது. அவன் வரைந்தபடியே எல்லாம் நடந்தது. கூரையில் நனைந்த கோழிகளைப் போல ஒட்டி உட்கார்ந்துகொண்டு அதைப் பார்த்தார்கள்.

கரையில் ஊரே திரண்டிருந்தது. குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். பூட்டிவிட்டுப் போன வாட்ச்மேனும் அவர்களோடு நின்றான். ஒருவன் கையிலும் கயிறு இல்லை.

நைனா துப்பிக்கொண்டே இருந்தான். வாயில் சேற்றின் கரகரப்பும் எதுவோ அழுகின ருசியும் போகவே இல்லை.

“துப்பித் துப்பி என்ன செய்ய ராவுத்தரய்யா” என்றாள் இருளாயி. “முழுங்குனது முழுங்குனதுதான.” அவள் முகத்திலும் அதே சேறு. அவன் அவளுக்குத் தோள் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தான். நகர்ந்துகொள்ள இடமும் இல்லை. நகர வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

பொழுது சாய்வதற்குள் நீர் மட்டுப்பட்டது. ஆற்றில் இறங்கி அவர்களை ஒவ்வொருவராகக் கரைசேர்த்தவர்கள் கீழத்தெரு ஆட்கள்.

பிறகு வாரக்கணக்கில் தொட்டிகளிலிருந்து சேற்றை அள்ளினார்கள். மறைக்கச் சுவர் இல்லை. மருதந்துறை முழுக்கப் படித்துறைக்கு வந்து உட்கார்ந்து பார்த்தது. இருளாயி கூடையோடு குனிவதை, நிமிர்வதை, தொட்டிக்குள் நடப்பதை. ஒருவன் முகத்தைச் சுளித்துக் காறி ஆற்றில் துப்பினான். துப்பிவிட்டு அதே இடத்தில் குனிந்து, ஒரு கை தண்ணீர் அள்ளி வாய் கொப்பளித்தான். நைனா திட்டில் நின்று அதைப் பார்த்தான். வெள்ளத்தில் வராத குமட்டல் அப்போது வந்தது.

போர்டு கூடி, பொதுச் சொத்தை உடைத்தது யார் உத்தரவில் என்று கேட்டது. அவன் மாற்றலுக்கும் மேலே எழுதினார்கள். மெம்பர்கள் எழுந்து போன பிறகு கருத்தக்கண்ணன் மட்டும் உட்கார்ந்திருந்தார். அன்று வாயில் வெற்றிலை இல்லை. அது இல்லாத முகம் கிழவர் முகமாக இருந்தது.

“போறதுக்கு முந்தி அந்தச் சொவத்த மறுபடி வரைஞ்சு குடுத்துட்டுப் போங்க. கல்லுச் சொவரா.”

“மாட்டேங்கய்யா.”

“அன்னைக்கு உள்ள ஆளு இருக்கையில கதவு பூட்டிக் கெடந்தது சத்தியமா எனக்குத் தெரியாது.”

நைனா தன் காகிதங்களை எடுத்து அடுக்கினான்.

“எதுக்கு ராவுத்தரே எங்க மேல இம்புட்டு அருவருப்பு? நான் இந்தத் தண்ணிக்காக எம்புட்டு அலைஞ்சேன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். ஒங்க மேல மட்டும் இல்லைங்கய்யா” என்று சொல்லிவிட்டு அவன் வெளியே வந்தான்.

கார்த்திகையில் தொட்டிகளில் புதுமணல் பரப்பி நீர் விட்டார்கள். நைனா தினமும் போய்க் குனிந்து பார்த்தான். பாசி முதலில் புகை படிந்தது போல் தெரிந்தது, பிறகு தடித்தது, பிறகு வழுவழுத்தது. ஒரு விரலை அதில் வைத்துப் பார்த்தான். குளிர்ந்திருந்தது. கீழே வந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் குடித்தான். வண்டியில் சாமான் ஏற்றுகிற அன்று காலையில் எஞ்சினை ஓடவிட்டு, ஊருக்குத் தண்ணீர் திறக்கச் சொன்னான்.

திரும்பி வரும்போது கோயில் வாசல் வழியாக வந்தான். குழாயை யாரோ திறந்து விட்டிருந்தார்கள். சுற்றிலும் ஆள் இல்லை. வெயிலில் ஒரு கண்ணாடிக் கழியைப் போலத் தண்ணீர் இறங்கி, கல்லில் உடைந்து, தெருச் சாக்கடைக்குள் போய்க்கொண்டிருந்தது. தெருக்கோடியில் பெண்கள் குடங்களோடு ஊருணிப் பக்கம் போனார்கள்.

குழாய்க்கு எதிரே, கைக்கு எட்டாத தூரத்தில், அழகம்மாள் நின்றுகொண்டிருந்தாள். வேலைக்காரியை அனுப்பாமல் தானே வந்திருந்தாள். ஊருணிக்குப் போனவர்களில் ஒருத்தி திரும்பி, “மதினி, வாரீகளா?” என்று கூப்பிட்டாள். அழகம்மாள் அவளைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். இடுப்புக் குடத்தை இறக்கினாள். கீழே வைக்கவில்லை. இரண்டு கையாலும் அதை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கல்லில் விழுந்து தெறிக்கிற நீர் தன் கால் விரல்களில் படுவதையும் அறியாமல் நின்றுகொண்டிருந்தாள்.